மதுரையா தாம்பரமா: தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி தங்கச்சிமடத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 531 வாங்கியிருக்கிறாள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரமும், தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலமும் கிடைத்திருக்கின்றன. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். நீங்கள் திருப்பூரில் வேலை பார்க்கிறீர்கள். அவளுக்குத் தாம்பரத்தின் மேல் ஆசை, அப்பாவுக்கு மதுரையே தூரம். "ரெண்டுமே லிபரல் ஆர்ட்ஸ் காலேஜுன்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன டீச்சர், எது பெரிசு, எதுல சேத்தா உருப்படுவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாம்பன்காரி. முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்டக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். ஆகையால் என் தராசு பொருளாதாரத்தின் பக்கம் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

'எது பெரிசு' என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். தாம்பரம் கல்லூரி 1837இல் ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள் சென்னைப் பட்டணத்துக்குள் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1937இல்தான் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபோனது. மதுரைக் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கியது. அதை நடத்திய அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது எப்படி என்று தெரிந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முதலில் யாழ்ப்பாணத்தில் பள்ளி வைத்திருந்தவர்கள், 1834இல் நம்ம பாக் நீரிணையைத் தாண்டித்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். அங்கே வட்டுக்கோட்டையில் பாடம் நடத்திய டேனியல் பூவர் என்பவரின் பெயரில்தான் இன்றைக்கும் அந்தக் கல்லூரி நூலகம் இருக்கிறது. இன்று அதே கடலில் எல்லை தாண்டினால் என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டுக்கும் 1978இலேயே தன்னாட்சி கிடைத்துவிட்டது. அதாவது பாடத்திட்டம், வினாத்தாள், தேர்வு எல்லாம் கல்லூரியே வைக்கும். பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் தரும், அங்கே சென்னைப் பல்கலைக்கழகம், இங்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகம். நாக் தரம் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசியக் குழு கொடுப்பது), தேசியத் தரவரிசை என்று பட்டியல்கள் காட்டுவார்கள். அந்தத் தரம் கல்லூரி முழுமைக்கும் சேர்த்துக் கொடுப்பது. உங்கள் தங்கச்சி உட்காரப்போவது ஒரே ஒரு துறையில். பெயரை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொண்டு மேலே போவோம்.

லிபரல் ஆர்ட்ஸ் என்பது அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட வகைப் படிப்பு. நாலு வருஷம். சேரும்போது எந்தப் பாடம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, ஒரு அறிவியல், ஒரு மொழி என்று படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில்தான் 'இதுதான் என் பாடம்' என்று எழுதிக் கொடுப்பார்கள். நம் நாட்டில் சோனிபட்டில் 2014இல் வந்த அசோகா பல்கலைக்கழகம் போன்ற சில தனியார் இடங்கள் அந்த முறையில் நடக்கின்றன. அங்கே கட்டணம் லட்சக்கணக்கில் போகும், அதை விடுங்கள். நம்ம ஊர்க் கலைக் கல்லூரிகளில் கதையே வேறு. பதினேழு வயதில், சேர்க்கை நடக்கும் மேசைக்கு முன்னால் நின்று, துறையைச் சொல்லியாக வேண்டும். முதல் பகுதியில் தமிழ், இரண்டாம் பகுதியில் ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் துணைப்பாடங்களும், நாலாம் ஐந்தாம் பகுதிகளில் சுற்றுச்சூழல், திறன் படிப்பு, நாட்டு நலப்பணி என்று பரந்துதான் இருக்கும். அந்தப் பரப்பு நல்லது, லிபரல் ஆர்ட்ஸின் வாசனை அதில் உண்டு. ஆனால் துறையை மாற்றுவது லேசில் நடக்காது.

இதனால் என்ன ஆகிறது என்றால், நீங்கள் என்னிடம் கல்லூரியைக் கேட்கிறீர்கள், தங்கச்சி தேர்ந்தெடுக்கப்போவதோ பாடத்தை. மதுரை என்றால் பொருளாதாரம், தாம்பரம் என்றால் ஆங்கிலம். இந்த முடிச்சை உங்கள் கடிதத்தில் நீங்கள் தொடவே இல்லை.

அவளுக்கு ஆங்கிலம் வேண்டுமா, ஆங்கிலம் பேச வேண்டுமா என்று ஒரு தடவை கேளுங்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்த பிள்ளைகளை வருஷத்துக்கு வருஷம் பார்த்திருக்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் என்பது இலக்கியப் படிப்பு. சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன், கவிதை, நாடகம், திறனாய்வு, மொழியியல். சரளமாகப் பேச வரவேண்டும் என்பதற்காக அதில் சேர்வது, நீந்தக் கற்றுக்கொள்ள விசைப்படகில் வேலைக்குச் சேர்வது மாதிரி. கடலில்தான் இருப்போம், ஆனால் தண்ணீரில் இறங்க மாட்டோம். பேசுவதற்கு எந்தத் துறையில் இருந்தாலும் இரண்டாம் பகுதி ஆங்கிலம் இருக்கிறது, வகுப்புத் தோழிகள் இருக்கிறார்கள், மூன்று வருஷம் இருக்கிறது. அதே சமயம், யாரும் சொல்லாமலே ராத்திரியில் கதைப் புத்தகம் வைத்துக்கொண்டு உட்காருகிற பிள்ளை, ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத் தனியாகச் சிரிக்கிற பிள்ளை என்றால் அவளை இலக்கியத்திலிருந்து இழுக்காதீர்கள். தமிழ்க் கதையாக இருந்தாலும் அதே கணக்குத்தான். அவள் அந்த ரகமா என்பது எனக்குத் தெரியாது, உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

பொருளாதாரத்துக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கு என்றால் ஓடினாளா? பள்ளிப் பொருளியலை நம்பி வருகிற பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி புள்ளியியல். வரைபடம், சமன்பாடு, சராசரி, ஒட்டுறவு என்று வரும். பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் கணக்கைக் கண்டாலே கை நடுங்கும் பிள்ளைக்கு அது நரகம். நடுங்காவிட்டால், நம்ம கரைப் பிள்ளைக்கு இதைவிடச் சொந்தமான பாடம் கிடையாது. ஏலக்கூடத்தில் நண்டு விலை ஐந்து நிமிஷத்தில் எப்படி இறங்குகிறது, வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு ஏன் அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, யாருக்கும் பட்டா இல்லாத கடலில் எல்லாரும் வலை போட்டால் என்ன ஆகும்: இதெல்லாம் பெரிய பெரிய பொருளாதார அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகள். உங்கள் அம்மா கருவாட்டை இன்றைக்கு விற்பதா, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் வரை வைத்திருப்பதா என்று யோசிக்கிறாரே, அதற்கே ஒரு அத்தியாயம் இருக்கிறது.

அடுத்தது கட்டணம். இரண்டு கல்லூரிக்கும் நீங்கள் எழுதிய தொகைகளில் அத்தனை வித்தியாசம் இருப்பதைப் பார்த்தால், ஒன்று உதவிபெறும் பிரிவு, மற்றது சுயநிதிப் பிரிவு என்று தோன்றுகிறது. சேர்க்கைக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், அதில் அச்சிட்டிருக்கும். ஒரே கல்லூரி, ஒரே வாசல், ஒரே பெயர்ப் பலகை. உள்ளே போனால் இரண்டு பிரிவு. உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் பிள்ளைகள் கட்டும் பணத்தில்தான் சம்பளம். அங்கே நல்ல ஆசிரியர் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், என்னைவிட நன்றாக நடத்தியவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் குறைந்த சம்பளத்தில் இருப்பவர் வேறு இடம் கிடைத்தால் போய்விடுவார். நிலைத்து நிற்பது கஷ்டம்.

இதில் நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். என் அக்கா மகனைப் பேரும் புகழும் உள்ள ஒரு கல்லூரியில் நானே முன்னின்று சேர்த்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். பெயரைப் பார்த்தேன், பிரிவைப் பார்க்கவில்லை. முதல் வருஷத்தில் ஒரே தாளுக்கு மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். வருகிற ஒவ்வொருவரும் முதல் அலகிலிருந்து தொடங்குவார்கள். "சித்தி, நான் முதல் யூனிட்ல பெரிய ஆளு" என்று சொல்வான். பட்டம் வாங்கிவிட்டான், இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்தப் பாடத்தின் மேல் அவனுக்கு இருந்த ஆசை அந்த வருஷத்தோடு போய்விட்டது. கல்லூரியில் முப்பது வருஷம் இருந்த நானே ஏமாந்தேன் என்றால், திருப்பூரிலிருந்து போனில் விசாரிக்கும் நீங்கள் ஏமாறுவது பெரிய விஷயமில்லை.

உதவிபெறும் பிரிவென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால் அதுவும் கூடாது. ஓய்வுபெற்றவர் இடம் வருஷக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும் துறைகளும் உண்டு. துறை வாசலில் ஆசிரியர் பெயர்ப் பலகை இருக்கும். அதில் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியாது, மூன்றாம் ஆண்டுப் பிள்ளை சலிப்பில் எதையாவது சொல்லும்.

இன்னொன்று கேளுங்கள்: போன செமஸ்டர் வினாத்தாள். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் அதை வைத்ததே அந்த ஆசிரியர்கள்தான். ஒரு துறையின் ஜாதகம் அதில் இருக்கிறது. 'தேவை நெகிழ்ச்சி என்றால் என்ன, அதன் வகைகளை விளக்குக' என்று எல்லாக் கேள்வியும் இருந்தால், அங்கே மனப்பாடம் நடக்கிறது என்று அர்த்தம். 'மழை பெய்து தக்காளி விலை மூன்று மடங்கு ஆனபோதும் வீடுகளில் வாங்குவது அந்த அளவுக்குக் குறையவில்லை, ஏன்' என்பது மாதிரி ஒன்றிரண்டாவது இருந்தால், அங்கே யாரோ ஒருவர் பிள்ளைகளை யோசிக்க வைக்கிறார். ஆங்கிலத் துறையிலும் இதே சோதனைதான். பாடக் கதையைச் சுருக்கி எழுதச் சொல்கிறார்களா, பார்த்தே இராத ஒரு கவிதையைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்கிறார்களா? கலைப் படிப்பில் ஒரு பிள்ளைக்கு மிஞ்சுவது அந்த இரண்டாவது வகைக் கேள்விக்கு உட்கார்ந்து யோசித்த நேரம்தான். இந்த ஒரு சோதனையை நான் தரவரிசைப் பட்டியல் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

இப்போது பணம். நம்ம கரையில் இதை வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதம் வருகிறது, சேர்க்கை மேயிலும் ஜூனிலும் நடக்கிறது. விசைப்படகு கரையில் கிடக்கும் நேரத்தில்தான் கட்டணச் சீட்டு கைக்கு வரும். எந்தக் கல்லூரியும் தடைக்காலத்தைப் பார்த்துக் கடைசித் தேதி வைப்பதில்லை. அரசு தருகிற தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதில் வீடு நடக்கவே காணாது.

முதல் வருஷம் எப்படியாவது கட்டிவிடுவார்கள். நகை இருக்கும், சொந்தக்காரர்கள் கொடுப்பார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். படிப்பு நிற்பது இரண்டாம் வருஷ ஜூனில். நான் பார்த்த வரையில் நம்ம ஊர்ப் பெண் பிள்ளைகள் படிப்பை விட்டது மார்க் குறைந்து அல்ல, அந்த இரண்டாவது ஜூனில். அதனால் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று ஜூன்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், மெஸ் முன்பணம், தேர்வுக் கட்டணம். பெரும்பாலும் கல்லூரிக் கட்டணத்தைவிட ஹாஸ்டலும் மெஸ்ஸும்தான் அதிகமாக வரும், அதைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அந்த வருஷம் படகுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அந்த ஜூனை எப்படிக் கடப்பீர்கள் என்று யோசியுங்கள். அப்படியும் கடந்துவிடலாம் என்று தோன்றும் கல்லூரி எது?

உதவிகள் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் தொடங்கினார்கள், 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளியிலேயே படித்திருந்தால் தங்கச்சிக்கும் கிடைக்கும், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய். அதைக் கட்டணக் கணக்கில் சேர்க்காதீர்கள் தம்பி. சோப்பு, ஜெராக்ஸ், பஸ், போன் ரீசார்ஜ் என்று அவள் யாரிடமும் கையேந்தாமல் இருக்க அது ஆகும். அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு, தொகை சின்னது, ஆனாலும் கேட்டு வாங்குங்கள். கல்லூரியிலேயே பழைய மாணவர்களும் திருச்சபையும் வைத்த உதவித்தொகைகள் இருக்கும். கேட்கிற பிள்ளைக்குத்தான் கிடைக்கும், நம்ம பிள்ளைகள் கேட்க வெட்கப்படும். வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுப்பார்கள், படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும். அது பரவாயில்லை. படகு முதலாளியிடமோ மீன் வியாபாரியிடமோ முன்பணம் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள். அந்தக் கடன் பணமாக அடையாது, அப்பாவுக்கு மீனில் கிடைக்கிற பங்கிலிருந்துதான் கழியும்.

தூரத்தைப் பற்றி அப்பா சொல்வதை நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணி நாலு மணி நேரம், அங்கிருந்து கோரிப்பாளையத்துக்கு டவுன் பஸ். தாம்பரம் ஒரு ராத்திரிப் பயணம். ஆனால் முன்பு மாதிரி இல்லை. பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் நின்றுபோய், மண்டபத்தோடு ரயில் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தபோதே ராமேஸ்வரத்திலிருந்து தாம்பரத்துக்குத் தனியாக ஒரு ரயிலும் விட்டார்கள். கல்லூரி இருக்கும் ஊருக்கே ரயில்.

ஆனால் ஒரு நாள் காலையில் 'படகைப் புடிச்சுட்டாங்க' என்று போன் வருகிற ஊர் நம்முடையது. அந்த நாளில் அவள் நாலு மணி நேரத்தில் அம்மா பக்கத்தில் இருப்பாளா, மறுநாள்தான் வந்து சேருவாளா என்பது சின்ன விஷயமில்லை. அதே நாணயத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பிள்ளையை எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். கோயில் திருவிழா, பாட்டிக்குக் காய்ச்சல், சித்தப்பா மகள் சடங்கு. பெண் பிள்ளை என்றால் இன்னும் அதிகம். அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய், தேர்வு எழுத முடியாமல் என் முன்னால் நின்று அழுத பிள்ளைகளில் பெரும்பாலானோர் பக்கத்து ஊர்க்காரர்கள். தூரம் ஒரு வேலி மாதிரியும் காக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோபப்படுவார், ஆனால் யோசிப்பார்.

எங்கே சேர்ந்தாலும் முதல் மூன்று மாதம் அவள் அழுவாள், அதற்குத் தயாராக இருங்கள். தமிழ் வழிப் பிள்ளைக்கு வகுப்பறை திடீரென்று ஆங்கிலமாகிவிடும். 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று பதினோராம் வகுப்பில் அழகாக எழுதி முழு மார்க் வாங்கியிருப்பாள். ஆசிரியர் 'லா ஆஃப் டிமினிஷிங் மார்ஜினல் யுடிலிட்டி' என்று சொல்லும்போது அதுதான் இது என்று தெரியாது. பக்கத்தில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளை தலையாட்டிக்கொண்டிருக்கும். தனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவாள். எனக்கு நடந்தது இது. முதல் இன்டர்னல் தேர்வில் 25க்கு 6. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். என் அறைத் தோழி, மேலூர்க்காரி, பள்ளிப் பாடப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கோடு போட்டுக் கொடுத்தாள். இப்போது அந்தப் புத்தகங்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி திறப்பதற்கு முன்னால் உள்ள இந்த நாட்களில் அவள் அதைச் செய்து முடிக்கலாம். ஆங்கில இலக்கியம் எடுத்தால் இந்த வழி உதவாது. அங்கே மொழியே பாடம் என்பதால் மூச்சுத் திணறல் இன்னும் கொஞ்ச நாள் நீளும்.

'உருப்படுவாளா' என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் பி.ஏ.வை வைத்துக்கொண்டு இரண்டிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அடுத்து என்ன என்பதில்தான் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் பி.எட்., தகுதித் தேர்வு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2க்கு எந்தப் பட்டமும் போதும், பொருளாதாரம் படித்தவளுக்குப் பாடத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். இன்னொரு வழி நம்ம கண் முன்னாலேயே இருக்கிறது. மண்டபம் கேம்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வாசலை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! அந்த நிறுவனத்தின் தலைமையகமே பல வருஷம் மண்டபத்தில்தான் இருந்தது, பிற்பாடுதான் கொச்சிக்குப் போனது. உயிரியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே வேலை என்று நம்ம ஊரில் நினைக்கிறார்கள். மீன் விலை, மீனவர் வருமானம் பற்றி ஆராய்கிற பொருளாதாரப் பிரிவும் அதில் உண்டு. எம்.ஏ., அதற்குமேல் ஆராய்ச்சி என்று போகிற பிள்ளைக்கு அந்த வாசல் திறக்கும். ஏலக்கூடத்தில் வளர்ந்த ஒருத்தி அங்கே உட்கார்ந்து மீன் விலையைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. இது என் ஆசை, அவளுடையதாக இருக்க வேண்டும் என்று இல்லை.

என் முடிவைக் கேட்டால் மதுரை. காரணம் கல்லூரியின் பெயர் இல்லை. அங்கே கிடைத்திருப்பது உதவிபெறும் பிரிவாக இருந்தால் அந்த இரண்டாவது ஜூனைக் கடந்துவிடலாம், பாடம் அவள் வளர்ந்த கரையோடு ஒட்டியது, ஆங்கிலத்துக்குள் மெதுவாக இறங்க இடம் கொடுக்கும். முதுகலைக்குத் தாம்பரம் போகட்டும். இருபது வயதில், சொந்தமாக யோசிக்கத் தெரிந்த பிறகு சென்னை அவளுக்கு இன்னும் அதிகம் கொடுக்கும். ஆனால் அவள் உண்மையிலேயே இலக்கியப் பிள்ளை என்று உங்கள் அம்மா சொன்னால் நான் தோற்றுப்போகத் தயார். அப்போதும் தாம்பரத்துச் சுயநிதிக்கு ஓடுவதற்கு முன்னால், மதுரையிலேயே லேடி டோக், பாத்திமா போன்ற பெண்கள் கல்லூரிகளில் உதவிபெறும் ஆங்கிலம் காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லை, பணமும் இல்லை என்றால் ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஊக்கமான ஒரு ஆசிரியர் அமைந்தால் எந்தக் கல்லூரியும் போதும்.

மதுரையில் இடத்தைப் பிடிக்கப் பணம் கட்டிவிட்டீர்கள், தாம்பரம் என்று முடிவானால் அது போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி கல்லூரி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், 5 சதவீதத்துக்கு மேல் போகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். நாள் தள்ளத் தள்ள 90, 80, 50 சதவீதம் என்று குறைந்துகொண்டே போகும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. எழுத்தில் கொடுங்கள், வாய்ப் பேச்சு வேண்டாம். டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போய் வராமல் முடிவு செய்யாதீர்கள். தாம்பரத்தில் மரங்களையும் புள்ளிமான்களையும் பார்த்து மயங்குவாள், மயங்கட்டும். அதற்குப் பிறகு துறைக்கும் நூலகத்துக்கும் பெண்கள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் கூட்டிப் போங்கள். மெஸ்ஸில் சாப்பிட்டுப் பார்க்கட்டும், மீன் கிடைக்காத வாரம் எப்படி இருக்கும் என்று தெரியட்டும். நீங்கள் இரண்டு நாள் லீவு போட்டு வாருங்கள், ஆனால் துறைத் தலைவரிடம் அவளே பேசட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள். இப்போது கரையில் உட்கார்ந்து வலைதான் பொத்திக்கொண்டிருப்பார், வருவார். ஜூன் 14 ராத்திரி தாண்டிவிட்டால் கடலுக்குப் போய்விடுவார், அப்புறம் நீங்கள் கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டார்.